களிமண் மணக்கும் விரல்கள்

எனக்கு யார்மீதும் நம்பிக்கை கிடையாது. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தே தலை நரைத்தவன் நான். "எல்லாம் நல்லாத்தான் ஓடுது" என்று சொல்கிற கட்டிடத்தில்தான் கயிறு நூல்நூலாகப் பிரிந்து தொங்கும். கை வைத்துப் பார்க்காமல் ஒன்றை நல்லது என்று சொல்லக் கூடாது. நான் கற்ற பாடம் அது ஒன்றுதான். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி.

வேலையிலிருந்து நின்ற பிறகு கதை எழுத ஆரம்பித்தேன். திருட்டு, கொலை, ஆள் காணாமல் போவது, இப்படி. பதிப்பகத்துக்காரன் எவனும் சீண்டவில்லை. நானே அச்சடிக்கிறேன், நானே விற்கிறேன். வியாழக்கிழமைதோறும் என் வாசகர்களுக்கு ஃபோனில் ஒரு சேதி அனுப்புவேன். இந்த வாரம் எவ்வளவு எழுதினேன், எவ்வளவு கிழித்தேன், முழங்கால் எப்படி இருக்கிறது, போன வாரம் எவன் என்ன உளறினான் என்பதெல்லாம் அதில் இருக்கும். அவர்களும் வாயை மூடிக்கொண்டு இருப்பவர்கள் இல்லை. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருத்தர், என் கொலைகாரன் ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் நிற்கிறான் என்று கதைக்குக் கதை கண்டுபிடித்து எழுதுவார். வேன் ஓட்டுகிற ஒருத்தன், போலீஸ்காரனை இன்னும் எத்தனை பக்கத்துக்கு டீ குடிக்க வைக்கப்போகிறாய் பெரிசு என்று கேட்பான். என் பெயர் அவர்களுக்குப் பெரிசுதான்.

என்னைப் போலத் தன் கையே தனக்குதவி என்று எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள், பானை செய்கிறவர்கள் சேர்ந்து ஒரு வட்டம் வைத்திருக்கிறார்கள். ஒருத்தருடைய வேலையைப் பற்றி மற்றவர்கள் தங்கள் ஆட்களிடம் சொல்ல வேண்டும். நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் லட்சணம் தெரிந்தது. வட்டத்தை நடத்துகிற அம்மாள் புகழ்ச்சியை அவரே எழுதி அனுப்பிவிடுவார். மற்றவர்கள் அதை அப்படியே எடுத்து அனுப்ப வேண்டியது, கூட ஒரு இதயப் படத்தைப் போட வேண்டியது. புத்தகத்தைத் திறக்கிற வேலை யாருக்கும் இல்லை. அந்த அம்மாள் எதை எழுதினாலும் கடைசியில் 'அன்புடன்' என்று முடிப்பார். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே அன்புடன்.

என் சிமெண்ட் கிடங்குத் திருட்டுக் கதைக்கு 'மனதை வருடும் மென்காதல்' என்று போட்டார்கள். அதில் பெண் வாடை என்றால் ஒரு பூனைதான், அதுவும் மூன்றாம் பக்கத்திலேயே சுவர் ஏறிக் குதித்துவிடும். காதல் கதை என்று நம்பி வாங்கிய தையற்கடை அம்மா ஒருத்தி என்னைக் கூப்பிட்டுக் கிழிகிழியென்று கிழித்தாள். அன்றிலிருந்து அவளும் என் வாசகி. ஒவ்வொரு வியாழனும் கிழிக்கிறாள்.

அதனால் நான் வட்டத்தில் யாரைப் பற்றியும் ஒரு வரிகூட அனுப்பியதில்லை. எனக்கு வாங்கத்தான் தெரியும், கொடுக்கத் தெரியாது என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும்.

வட்டத்தில் என் புத்தகத்தைப் படித்த ஆள் ஒரே ஒருத்திதான். எனக்கு அட்டைப்படம் வரைகிற பெண். முழுக்கப் படித்துவிட்டுத்தான் பென்சிலைத் தொடுவாள். ஒரு நாள் அவள் வீட்டுக்கு வந்து, உட்காராமல் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். நூலக மாடியில் ஒரு நாளைக்குக் கூடம் கிடைத்திருக்கிறது, அடுத்த வாரம் சனிக்கிழமை, தன் சொந்தப் படங்களை முதல் தடவையாக மாட்டப்போகிறாள், நான் என் ஆட்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றாள்.

நான் பிடி கொடுக்கவில்லை. படத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும், என் பேச்சைக் கேட்டு வந்தவன் நாளைக்கு என் சட்டையைப் பிடித்தால் நீயா வந்து விடுவிப்பாய் என்றேன். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள்.

"அண்ணன் ஒரே பேச்சா சொல்லிட்டான் ஐயா. படம் பாக்க ஆள் வந்தா நான் என் வழியில போகலாம். யாரும் வரலைன்னா திங்கக்கிழமை அவன்கூட மருந்துக் கம்பெனிக்குப் போகணும். பில் போடற வேலை. மேனேஜர்கிட்ட பேசி முடிச்சிட்டான்."

"போனா என்ன? வீட்டுக்கு வந்து வரைய வேண்டியதுதானே?"

"வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி கிளம்பி, போனப்புறம் வர்ற வேலை ஐயா. வந்து தூங்கத்தான் தெம்பிருக்கும்."

உள்ளதைச் சொல்கிறேன், நான் பயந்தது அவளுக்காக அல்ல, எனக்காகத்தான். இவள் போய்விட்டால் என் அட்டைக்கு ஆள் யார்? வட்டத்தில் பாதிப் பேர் கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்கிய படத்தைத்தான் போடுகிறார்கள். ஒரு புத்தகத்தில் துப்பறிகிறவனுக்கு ஆறு விரல். படத்தையாவது காட்டு என்றேன். ஃபோனில் காட்டினாள். அந்தச் சின்னத் திரையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. நேரில் பார்த்தால்தான் படம், அன்றைக்கு வந்து பாருங்கள் என்றாள்.

அவள் போனதும் உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி குரல் கொடுத்தாள். "கதையில வகைவகையா கொல்லத் தெரியுது. ஒரு பொண்ணு பொழைக்கட்டும்னு நாலு வரி எழுதத் தெரியாதா?"

எழுத உட்கார்ந்தேன். 'அருமையான படங்கள்' என்று எழுதினேன். நீ பார்த்தாயா என்று என்னையே கேட்டேன். அடித்தேன். 'நல்ல பெண்' என்று எழுதினேன். பெண் பார்க்கவா கூப்பிடுகிறோம்? அதையும் அடித்தேன். இதற்கு நடுவில் அன்புடன் அம்மாளின் தொல்லை வேறு. விடிந்தால் ஒன்று, சாய்ந்தால் ஒன்று. 'ஐயா, உங்கள் நேசக்கரம் இன்னும் நீளவில்லையே. அன்புடன்.' வியாழக்கிழமை காலையில் வழக்கம்போல எழுதி முடித்த புகழ்ச்சியும் வந்து இறங்கிவிட்டது. போதுமடா சாமி என்று ஆகிவிட்டது எனக்கு. அதை அப்படியே எடுத்தேன், கீழே என் சொந்தச் சரக்காக ஒரு வரி சேர்த்தேன்: 'போய்ப் பாருங்கள். போகாதவன் இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.' அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். மேலே என்ன இருக்கிறது என்று படிக்கவில்லை. தேனும் பாலுமாகத்தான் இருக்கும், படிப்பானேன்?

சனிக்கிழமை நான் அங்கே கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோதே அவளிடமிருந்து ஃபோன் வந்தது. கூடம் திறந்தாயிற்று, வருகிறீர்களா என்றாள். போனேன். அண்ணன்காரன் ஒரு ஸ்டூல்மேல் நின்று கடைசி ஆணியை அடித்துக்கொண்டிருந்தான். நான் அவனை ஒரு முரடனாக நினைத்து வைத்திருந்தேன். ஆனால் நாற்காலி தூக்கி வந்து வரிசை போட்டதும் அவன்தான், படங்களைப் போர்வையில் சுற்றி வாடகை வேனில் ஏற்றி வந்ததும் அவன்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

படங்களைச் சுற்றிப் பார்த்தேன். எதிலும் தலை இல்லை. எல்லாம் மடிகள். எங்கேயோ பெஞ்சில் காத்துக்கொண்டிருக்கிறவர்களின் மடி, அதன்மேல் கை, கையில் ஏதோ ஒரு சாமான். ஒரு மடியில் ஹெல்மெட். ஒரு மடியில் கழற்றிய மின்விசிறி இறக்கை. ஒன்றில் தூங்குகிற குழந்தையின் பாதம் மட்டும். ஒன்றில் எக்ஸ்ரே உறை. தலை எங்கே என்று கேட்டேன். தலையைப் பார்த்தால் கையை யார் பார்ப்பார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டாள். எரிச்சலாக இருந்தது. ஆனால் ஹெல்மெட் வைத்திருந்தவனின் கட்டைவிரல் அதன் பட்டையைத் திருகிக்கொண்டிருப்பதை மறுபடி ஒரு தடவை போய்ப் பார்த்தேன்.

யாரும் வரவில்லை. கீழே நூலகத்தில் செய்தித்தாள் படிக்க வந்த கிழவர் ஒருத்தர் கழிவறை எங்கே என்று கேட்க மாடி ஏறினார், அவ்வளவுதான். கூடம் திறந்தாயிற்று என்று அவள் காலையில் வட்டத்துக்குப் போட்ட வரிக்கு மட்டும் ஃபோனில் பூவும் இதயமுமாகக் கொட்டிக்கொண்டே இருந்தது. மனதால் உடனிருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அவள் அதை அண்ணனிடம் காட்டினாள். அவன் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளைப் பார்த்தான்.

"மனசால வர்றவங்கன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நாற்காலி தூக்கியிருக்க வேண்டாம்."

வெயில் சாய்ந்ததும் அவனே படங்களை இறக்கினான். அவள் ஒவ்வொன்றாகப் போர்வையில் சுற்றினாள். போகும்போது என்னிடம் வந்து, ஐயா நீங்களாவது வந்தீங்களே என்றாள். அதற்குப் பதில் என் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்த வேகத்தில் ஃபோனை எடுத்தேன். என் வாசகர்களுக்கு நான் அன்று எழுதியதை இங்கே முழுக்கப் போட முடியாது. நன்றி கெட்ட ஜென்மங்களா என்பதில் தொடங்கினேன். உங்களுக்கு எழுதியதற்கு எருமை மாட்டுக்கு எழுதியிருந்தால் தலையையாவது ஆட்டியிருக்கும் என்றேன். ஒரு பெண்ணின் பிழைப்பு போய்விட்டது, நன்றாகத் தூங்குங்கள் என்று முடித்தேன்.

முதல் பதில் வேன் டிரைவரிடமிருந்து வந்தது. "பெரிசு, நாளைக்குத்தானே?"

அடுத்தது வாத்தியார். நாளையும் கிழமையும் உமக்குக் கதையில்தான் குழம்பும் என்று நினைத்தேன், வாழ்க்கையிலுமா என்று கேட்டிருந்தார். தையற்கடை அம்மா, ஞாயிறு என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமையே வசவு எதற்கு, நாளைக்காகக் கடைக்கு விடுமுறை சொல்லியாகிவிட்டது, எருமை மாடு யார் என்று எழுதியிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் நான் அனுப்பியதை நானே படித்தேன்.

'விரல்களில் களிமண் மணக்கும் நம் அன்புத் தோழியின் படைப்புகள், வரும் ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் உங்கள் நேசத்துக்காகக் காத்திருக்கின்றன.'

போன மாதம் பானை செய்கிற பெண்ணுக்காக எழுதியது. அதே மாடி, ஞாயிற்றுக்கிழமை. அன்புடன் அம்மாள் தலைப்பில் இருந்த பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். களிமண்ணையும் மாற்றவில்லை, கிழமையையும் மாற்றவில்லை. வட்டத்தில் இருக்கிற அத்தனை பேரும் அதை அனுப்பியிருக்கிறார்கள். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. எப்படிப் படும், கண்ணைத் திறந்தால்தானே? பிறகு தெரிந்தது, படம் வரைகிற பெண்ணே அதைப் படிக்கவில்லையாம். ஒரே மாதிரி இருபது வந்தால் கும்பிட்டுவிட்டுப் போகத்தானே தோன்றும் என்றாள். எல்லோரையும் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டே வளர்ந்த நானும் அந்த மந்தையில் ஒரு தலை.

அன்புடன் அம்மாளைக் கூப்பிட்டேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"ஐயா, நாளா முக்கியம்? நேசம்தானே முக்கியம்?"

நான் சொன்ன பதிலுக்கு அவர் என்னை வட்டத்திலிருந்து நீக்கிவிட்டார். நிம்மதி.

பெண்ணுக்கு ஃபோன் போட்டேன். அணைத்து வைத்திருந்தாள். மறுபடி மறுபடி போட்டேன். நாளைக்கு வராதீர்கள் என்று என் ஆட்களுக்கு எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினால் சனிக்கிழமைதான் கணக்கு என்று ஆகிவிடும், யாரும் வரவில்லை என்பதே உண்மையாகிவிடும். என் வீட்டுக்காரி, வர்றவங்க வரட்டும், நீங்க முன்னாடி போய் நில்லுங்க என்றாள். போய் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் ஏதோ வேலைக்கான பரீட்சை. காவலாளி என் ஆட்களிடம் ஹால் டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தான். தையற்கடை அம்மா, எங்க பெரிசு வரச் சொன்னாரு, அதுதான் டிக்கெட் என்று அவனிடம் மல்லுக்கு நின்றாள். அவளை அன்றுதான் முதலில் பார்த்தேன், குரலை வைத்தே தெரிந்துகொண்டேன். கூட்டமாகப் பதினைந்து பேருக்குமேல் இருந்தார்கள். ஒருத்தரை ஒருத்தருக்குத் தெரியாது. என்னைத் திட்டுகிற விஷயத்தில் மட்டும் அதற்குள் ஒட்டுறவாகிவிட்டிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். வாத்தியார், அது தெரிந்ததுதானே, மேலே சொல்லும் என்றார். திங்கட்கிழமை விவகாரத்தையும் சொன்னேன்.

வேன் டிரைவர் சாவியை எடுத்தான். "ஏறுங்க. மூட்டை ஏத்தற வண்டிதான், மனுஷங்களும் மூட்டைதானே."

அவள் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கதவில் பழுது என்று அட்டை தொங்கியது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதைத் தொட்டேன் என்றால் சாயங்காலம் வரைக்கும் இங்கேதான், ஏறுங்கள் என்றேன். என் முழங்கால் போட்ட சத்தம் படிக்கட்டு முழுக்கக் கேட்டது.

கதவைத் திறந்தது அண்ணன். பனியனோடு நின்றான். படிக்கட்டு நிறைய ஆளைப் பார்த்ததும் முகம் வெளிறியது.

"என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல தம்பி. உன் தங்கச்சி படத்தைப் பாக்க வந்திருக்காங்க."

"கண்காட்சி நேத்தே முடிஞ்சிருச்சு ஐயா. நீங்கதான் இருந்தீங்களே."

நான் தப்பாகச் சேதி அனுப்பியதைச் சொன்னேன். அவனுக்குப் பின்னால் அவள் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. கையில் இஸ்திரி போட்ட சட்டை ஒன்று இருந்தது, மறுநாள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போக. என்னை அவள் பார்த்த பார்வையில் மரியாதை கொஞ்சமும் இல்லை.

"தெரிஞ்சவங்களை எல்லாம் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தீங்களா? பாவம் பாத்தா?"

"எனக்கு ஏதும்மா தெரிஞ்சவங்க? இவங்க எல்லாம் என்னைத் திட்டறவங்க."

தையற்கடை அம்மா என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். நாங்க யார் மேலயும் பாவம் பாத்து வரலை, மாடியேறி மூச்சு வாங்குது, பானை எங்கே வச்சிருக்கே என்றாள். பானை இல்லை, படம்தான் என்றதும் என்னைத் திரும்பி ஒரு முறை முறைத்தாள். சரி, வந்ததுக்கு அதையாவது காட்டு என்றாள்.

வீடு ஒற்றை அறை. அத்தனை பேருக்கு இடம் இல்லை. அதனால் அவர்கள் படிக்கட்டிலேயே கீழ்ப்படி மேல்படியாக உட்கார்ந்துகொண்டார்கள். அண்ணன் வாசலில் நின்று ஒவ்வொரு படமாகத் தூக்கிப் பிடித்தான். வேறு வழியில்லாமல்தான் பிடித்தான். கொஞ்சம் மேலே பிடி தம்பி, வெளிச்சம் படற மாதிரி திருப்பு, விரல் மறைக்குது பாரு என்று ஆளாளுக்கு அவனை வேலை வாங்கினார்கள். ஹெல்மெட் படம் வந்தபோது வேன் டிரைவர் இரண்டு படி மேலே ஏறி வந்து அந்தக் கட்டைவிரலை உற்றுப் பார்த்தான். மின்விசிறி இறக்கையைப் பார்த்து வாத்தியார் சிரித்தார், அடக்க முடியாமல் மறுபடி சிரித்தார்.

எக்ஸ்ரே உறை வந்ததும் சண்டை மூண்டது.

"டாக்டர்கிட்ட காட்டப் போறவங்க இது" என்றார் வாத்தியார்.

"காட்டிட்டு வந்தவங்க" என்றாள் தையற்கடை அம்மா. "போறவங்க உறையை இப்படியா பிடிப்பாங்க? மடங்கிருமோன்னு ஓரமா பிடிப்பாங்க. இவங்க கசக்கிப் பிடிச்சிருக்காங்க பாருங்க."

"காட்டறதுக்கு முன்னாடிதான் பயம் இருக்கும். பயத்துல கசக்கறாங்க."

"பயந்தவங்க கை சும்மா இருக்குமா? இது ஆடாம அசையாம கிடக்குது. நல்லாப் பாருங்க."

படிக்கட்டு இரண்டாகப் பிரிந்துவிட்டது. இரண்டாம் மாடிக் கதவு திறந்து, என்ன சத்தம் என்று கேட்க வந்த ஆளும் நின்று ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டார். அண்ணன்காரனுக்குப் படத்தின் முதுகுதான் தெரியும். இவ்வளவு சண்டை போடும்படி அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குப் பொறுக்கவில்லை. படத்தைத் தன் பக்கம் திருப்பினான். பார்த்துக்கொண்டே நின்றான். தம்பி எங்களுக்குக் காட்டு என்று கீழேயிருந்து கேட்டதுகூட அவன் காதில் விழவில்லை.

"இது அம்மாவா?" என்று தங்கையிடம் கேட்டான்.

"இல்லண்ணா. ஆஸ்பத்திரியில நமக்குப் பக்கத்துல உக்காந்திருந்தவங்க. அம்மா டோக்கன் வாங்கப் போயிருந்தாங்க."

"நான் எங்கே இருந்தேன்?"

"மருந்து வாங்கப் போயிருந்தே."

அவன் படத்தைத் திரும்பவும் எங்கள் பக்கம் திருப்பிப் பிடித்தான். அதற்கப்புறம் யாரும் சொல்லாமலே சரியான உயரத்தில் பிடித்தான். கடைசிப் படம் முடிந்ததும் படியில் உட்கார்ந்து தோளைப் பிசைந்துகொண்டான். யாரும் எழுந்து போகவில்லை. திங்கட்கிழமை என்ன ஆகப்போகிறது என்று தெரியாமல் போவதாக இல்லை. அவனுக்கும் அது புரிந்தது.

"ஆள் வந்தா போக வேண்டாம்னுதான் சொல்லியிருந்தேன்" என்றான், அவளைப் பார்க்காமல். "ஒரு நாள் தள்ளி வந்தாலும் ஆள் ஆள்தான். ஆனா மேனேஜர்கிட்ட நான் பேச மாட்டேன். கையைக் காலைப் பிடிச்சு வாங்கின வேலை. நீயே சொல்லு."

தன் ஃபோனை எடுத்து நீட்டினான். அவள் இஸ்திரிச் சட்டையைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு அதை வாங்கினாள். தையற்கடை அம்மா வாத்தியாரின் கையைப் பிடித்திருந்தாள், சண்டை போட்ட ஞாபகமே இல்லாமல்.

"சார், நான் தங்கச்சி பேசறேன். நாளைக்கு வேலைக்கு வர்றதாச் சொல்லியிருந்தோம், வரலை சார்... இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. படம் பாக்க ஆள் வந்திருக்காங்க."

அந்தப் பக்கம் என்னவோ நீளமாகக் கேட்டார்கள். அவள் எங்களை ஒருமுறை பார்த்தாள்.

"இல்ல சார். நாளன்னைக்கும் வரலை."